திருச்சிக்குத் துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரமா?

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திலிருந்து கிழக்கே சிங்கப்பூருக்கும் மேற்கே துபாய்க்கும் நேரடி விமானங்கள் பறக்கின்றன. இவற்றில் துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம் என்பது பரவலான நம்பிக்கை. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே போகும் விமானம் சீக்கிரம் சேர்கிறது என்று அதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது. இரண்டுமே தவறு.

முதலாவது, தூரம். பூமியின் வளைந்த பரப்பில் மிகக் குறுகிய வழியாக அளந்தால் சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., துபாய் சுமார் 2,940 கி.மீ. இடையிலுள்ள 40 கி.மீ. ஜெட் விமானத்துக்கு மூன்று நிமிடப் பறப்பு.

இரண்டாவது, டிக்கெட்டில் உள்ள நேரம். துபாய்க்கு இரண்டரை மணி நேரம், சிங்கப்பூருக்கு ஆறரை மணி நேரம் என்று டிக்கெட்டே காட்டுவதாக வாதிடுவர். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது. சேரும் நேரம் சேரும் ஊருடையது. சிங்கப்பூர்க் கடிகாரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. துபாய்க் கடிகாரம் ஒன்றரை மணி பிந்தியது. இந்த வித்தியாசத்தைச் சிங்கப்பூர் நேரத்தில் கழித்து, துபாய் நேரத்தில் கூட்டினால் இரண்டு பயணமும் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான்.

மூன்றாவது, பூமியின் சுழற்சி. திருச்சி இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,640 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. காற்றும் கூடவே நகர்கிறது. அப்படி நகராவிட்டால், ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை விட்டு எழும் புறா ஒரே நிமிடத்தில் 27 கி.மீ. பின்தங்கிக் குளித்தலைப் பக்கம் போய்விடும். விமானமும் அதே காற்றில்தான் பறக்கிறது. ஆகவே சுழற்சியால் மட்டும் எந்தத் திசைக்கும் லாபமில்லை.

நான்காவது, போகவும் வரவும் ஆகும் நேரம் வேறுபடுவது. இது உண்மை, காரணம் உயரத்தில் வீசும் காற்று. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே வலுவான மேற்குக் காற்று வீசுவதால், துபாய் போவதைவிடத் திரும்புவது விரைவு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் கிழக்கு ஜெட் காற்று வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம் 1958-இல் விளக்கிய காற்று இது. அப்போது சிங்கப்பூர் போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று, திரும்பும் விமானத்துக்குத் துணைக்காற்று.

ஐந்தாவது, தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும் என்பது. 2,980 கி.மீ.-ஐ மணிக்கு 850 கி.மீ. வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி நேரமே வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது, வான்வழித் தடத்தின் வளைவுகள் ஆகியவை மீதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன.

ஆகவே பயண நேரம் அறிய விரும்புவோர் டிக்கெட்டின் இரு நேரங்களையும் முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றி, பிறகு கழிக்க வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் துபாயும் சிங்கப்பூரும் திருச்சிக்குச் சம தூரத்து ஊர்களே.