நோய் தாங்கும் மீன் வரட்டும், குளத்தை யார் பார்ப்பது?

போன மார்கழியில் என் 50 சென்ட் குட்டையில் ரோகு மீன்கள் செத்து மிதந்தன. உடம்பில் சிவப்புத் திட்டு, செதில் தூக்கிக்கொண்டு, வயிறு நீர் கோத்து உப்பியிருந்தது. தீவனக் கடைக்காரர், "அண்ணே, இந்த ஆன்டிபயாடிக் பவுடரைத் தீவனத்துல கலந்து போடுங்க, சரியாயிடும்" என்றார். வயலுக்கே விஷம் வேணாம்னு இருக்கிறவன், வாயில வைக்கிற மீனுக்குப் போடுவேனா? போடவில்லை. அதையே போட்டுக்கொண்டிருந்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

இப்படி மீனைத் தாக்குவதில் முக்கியமானது ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா. அது வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, குளத்துத் தண்ணீரிலேயே இருக்கும். மீன் சோர்ந்தால் பாயும்.

இதற்கு விதையிலேயே வழி தேடியிருக்கிறார்கள். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், நார்வே விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1992இல் ரோகுவில் தேர்வு இனப்பெருக்கத்தைத் தொடங்கியது. கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா எனப் பல ஆறுகளின் ரோகுவைச் சேர்த்து, வேகமாக வளரும் குடும்பங்களைப் பொறுக்கினார்கள். 1997இல் 'ஜெயந்தி ரோகு' வந்தது. பிறகு நோய் தாங்கும் குணத்தையும் தேடினார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் சில குஞ்சுகளுக்கு அந்தக் கிருமியைச் செலுத்தி, எந்தக் குடும்பத்தில் அதிகம் பிழைக்கிறது என்று பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தின் மற்ற மீன்களைத் தாய்மீனாக எடுத்தார்கள். இது மரபணு மாற்று அல்ல. நல்ல கதிரைப் பொறுக்கி விதைக்கு வைக்கிறோமே, அதே வேலைதான். அதனால் நான் இதை வரவேற்கிறேன்.

ஆனால் ரெண்டு விஷயம் சொல்லணும். நோய் தாங்கும் மீன் என்றால் சாகவே சாகாத மீன் இல்லை, கூடுதலாகப் பிழைக்கிற மீன், அவ்வளவுதான். ஏக்கருக்கு 2,000 முதல் 4,000 குஞ்சு என்பார்கள். நான் அரை ஏக்கரில் 3,000 விட்டிருந்தேன். ஆசைதான் காரணம். அந்த நெரிசலில் எந்த ரகமும் தாங்காது.

இன்னொன்று, பொரிப்பகத்தில் அதே நாலு தாய்மீனின் பிள்ளைகளையே திரும்பத் திரும்பச் சேர்த்தால் குணம் தேய்ந்துபோகும். குஞ்சு வாங்கும்போது விலையைக் கேட்கிறோம். "தாய்மீன் எங்கேருந்து வந்துச்சு, எப்ப மாத்துனீங்க?" என்றும் கேட்போம். விதை நெல்லுக்குக் கேட்கிற கேள்விதானே?

இந்த வருஷம் என் குட்டையில் 1,500 குஞ்சுதான்.