மரியாதையாக லிப்டைச் சரிசெய்

எதற்கெடுத்தாலும் 'யூ ஷுட்'. தோழிக்கு வயிற்றுவலி என்றால் 'யூ ஷுட் சீ எ டாக்டர்'. தம்பிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் 'யூ ஷுட் ஸ்லீப் ஏர்லி'. வீடு பற்றி எரிந்தாலும் 'யூ ஷுட் கோ அவுட்' என்றுதான் எழுதுவார்கள் போலிருக்கிறது இந்தப் பிள்ளைகள். கிள்ளானில் மாலை நேரத்தில் ஐந்தாம் படிவத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, தாள் திருத்தித் திருத்தி என் சிவப்புப் பேனாதான் தீர்கிறது. 'ஷுட்' தீர்ந்தபாடில்லை.

2021 எஸ்பிஎம் தேர்வு முதல், 1119 என்கிற ஆங்கிலப் பாடம் நான்கு தாளாகிவிட்டது. எழுத்துத் தாளில் முதல் கேள்வி ஒரு மின்னஞ்சலுக்குப் பதில், ஏறக்குறைய 80 சொல்லில். யாரோ ஒரு நண்பன் ஏதோ ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு யோசனை கேட்பது அதில் வழக்கமாக வருகிற சங்கதி. யோசனை என்றால் எல்லாம் ஒரே தரமா? 'காய்கறி சாப்பிடு' என்பதும், 'இன்றைக்குள் பணம் கட்டு, இல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள்' என்பதும் ஒன்றா? இரண்டுக்கும் ஒரே 'ஷுட்' போட்டால் நண்பன் காய்கறியையும் வாங்கமாட்டான், பணத்தையும் கட்டமாட்டான்.

இரண்டாவதற்குத்தானே 'ஹேட் பெட்டர்' என்று ஒன்று இருக்கிறது! பயிற்சிப் புத்தகத்தில் அது கட்டம் போட்டே இருக்கிறது. பின்னால் 'டு' வரக்கூடாது, இல்லை என்று சொல்ல 'நாட்' போடு, அவ்வளவுதான். பிள்ளைகளும் கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பிவிடுகிறார்கள். எழுது என்றால் மட்டும் எழுதமாட்டார்கள். பேசும்போது 'யூ பெட்டர் கோ லா' என்று வாய்க்கு வாய் வருகிறது. அதைக் குறை சொல்லமாட்டேன், வெள்ளைக்காரனே பேச்சில் அந்த 'ஹேட்'டை விழுங்கிவிடுகிறான். தாளில் எழுதும்போதுதான் அவர்களுக்குக் கை நடுங்குகிறது.

நடுங்காமல் எழுதியவன் கதை இன்னும் மோசம். பிரிக்பீல்ட்ஸில் தங்கி, பக்கத்திலேயே ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பையன், பழைய மாணவன். தீபாவளிக்கு லீவு கேட்டு மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலை எனக்குக் காட்டினான். 'யூ ஹேட் பெட்டர் அப்ரூவ் மை லீவ்' என்று இருந்தது. "பெட்டர்னு வருதே டீச்சர், ஷுட்டைவிட பணிவா இருக்கும்னு நினைச்சேன்" என்கிறான். அடேய், லீவு கொடுக்காவிட்டால் நடப்பது வேறு என்றல்லவா அந்த மனிதரை மிரட்டியிருக்கிறாய்! பதினொரு வருடம் பள்ளியில் ஆங்கிலம் படித்த பிள்ளை. 'டு' போடக்கூடாது என்று மட்டும் மறக்காமல் இருந்திருக்கிறான்.

இதைத் தமிழில் சொன்னால் ஒரு நிமிட வேலை. "மரியாதையா எழுந்து குளி." "ஒழுங்கா மருந்தைக் குடிச்சிடு." எந்த வீட்டில் அம்மா இப்படிச் சொல்லவில்லை? அந்த 'மரியாதையா'வில் மரியாதை துளியும் கிடையாது. செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அம்மா சொல்வதும் இல்லை, நமக்குக் கேட்கத் தேவையும் இல்லை. அதுதான் கண்ணுகளா 'ஹேட் பெட்டர்'. இதையே மேலதிகாரியிடம் சொல்வாயா? மாட்டாய் அல்லவா? முடிந்தது பாடம்.

முடியவிடுகிறார்களா? "டீச்சர், இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழ் பேசுறீங்களாமே, அதுக்கா நாங்க காசு கட்டுறோம்?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கிறார் ஓர் அம்மா. கேட்டது முழுக்கத் தமிழில். நாடும் இந்த மொழிச் சண்டையைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறது? 2003-ல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். தமிழ்ப்பள்ளிகளிலும் மாற்றினார்கள். 2009-ல் அது வேண்டாம் என்று முடிவெடுத்து, 2012 முதல் படிப்படியாகத் திருப்பினார்கள். 2016-ல் வேண்டுகிற பள்ளிகளுக்கு மட்டும் என்று இருமொழித் திட்டம் வந்தது. எந்த மொழியில் நடத்துவது என்று இத்தனை இழுபறி. பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்கிறோமா என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை.

'இட்ஸ் ஹை டைம்' கதையும் இதேதான். 'இட்ஸ் ஹை டைம் வீ வென்ட்' என்று பலகையில் எழுதினேன். பின்வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள். "இன்னும் போகவே இல்லையே டீச்சர், அப்புறம் எப்படி வென்ட்?" எத்தனை நல்ல கேள்வி! வழிகாட்டிப் புத்தகத்தில் இதற்குப் பதில் கிடையாது, 'பாஸ்ட் டென்ஸ் போடவும்' என்று கட்டளைதான் இருக்கிறது. நாம் மட்டும் என்னவாம்? "எப்பவோ கிளம்பியிருக்கணும்" என்கிறோம். நடந்து முடிந்திருக்க வேண்டிய காரியம் நடக்காமல் கிடக்கிறதே என்கிற எரிச்சலில் நம் வாயும் இறந்தகாலத்துக்குத்தான் ஓடுகிறது. 'இட்ஸ் டைம் டு கோ' என்றால் கிளம்புகிற நேரம் வந்தது, அவ்வளவே. 'வென்ட்' என்று போட்டால் நேரம் தாண்டிவிட்டது, இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாயே என்று அர்த்தம்.

உதாரணத்துக்குக் கிள்ளானில் பஞ்சமா? பண்டார் உத்தாமாவிலிருந்து ஜோஹான் செத்தியா வரை வரவேண்டிய எல்ஆர்டி 3 ரயில் இருக்கிறதே! 2020-ல் ஓடும் என்றார்கள். 2018-ல் கணக்கைத் திரும்பப் பார்த்து, 31.65 பில்லியன் ரிங்கிட்டை 16.63 பில்லியனாகக் குறைத்து, 2024 பிப்ரவரி என்று புதுத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிதான் ஓடிப்போனது, அன்றைக்கும் ரயில் ஓடவில்லை. தூண்கள் எழும்பியபோது தமிழ்ப்பள்ளியில் கீழ்வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். 'இட்ஸ் ஹை டைம் தி எல்ஆர்டி ஓப்பன்ட்' என்று அன்று வகுப்பு முழுக்கப் பிழையில்லாமல் எழுதியது. கடுப்பு புரிந்ததும் இலக்கணம் தானாக வந்துவிட்டது.

பிள்ளைகளை விடுங்கள், பெரியவர்களை என்ன செய்வது? எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் படுத்துவிட்டது. கதவில் 'லிஃப் ரோசாக்', லிப்ட் பழுது, என்று மலாயில் ஒரு தாள், செலோடேப் மஞ்சளாகிற அளவுக்குத் தொங்குகிறது. நான் இருப்பது பதினோராவது மாடி. எட்டாவது மாடிப் பாட்டி முழங்கால் வலியால் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு வீரம் பேசினார்கள், பராமரிப்புப் பணம் கட்டமாட்டோம் என்றார்கள். நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் என்றதும் அத்தனை பேரும் குழைந்துவிட்டார்கள். 'வீ வுட் பி கிரேட்ஃபுல் இஃப்' என்று தொடங்கி 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடிந்தது வரைவு. கட்டடத்தையும் பொது இடங்களையும் ஒழுங்காகப் பராமரிப்பது நிர்வாகத்தின் கடமை என்று 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டமே சொல்கிறது. கடமையைச் செய்யச் சொல்வதற்கு எதற்கு இந்தக் கும்பிடு?

'இட்ஸ் ஹை டைம் தி லிப்ட் வாஸ் ரிப்பேர்ட்' என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தேன். மூன்றாவது மாடி அங்கிள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "டீச்சர், வாஸ்னு போட்டா, ஏற்கெனவே ரிப்பேர் பண்ணியாச்சுன்னு நெனச்சுக்குவாங்க" என்று சொல்லி, என் கண்முன்னாலேயே அடித்து 'இஸ்' என்று திருத்தினார். சுற்றி நின்றவர்கள் அவர் பக்கம் தலையாட்டினார்கள். கடிதம் 'இஸ்'ஸோடு போனது. 'நோட்டட் வித் தேங்க்ஸ்' என்று பதில் வந்தது.

அடுத்த கடிதம் நான்தான் எழுதப்போகிறேன், 'யூ ஹேட் பெட்டர்' என்றுதான் தொடங்கப்போகிறேன். அதையும் திருத்த வேண்டுமென்றால் அங்கிள் தாராளமாக வரலாம். பதினோராவது மாடிக்கு, படியேறி.