தட்டம்மை என்னும் மறதி நோய்

சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த இலக்கியக் கூட்டம் ஒன்றில், மரபு வாழ்வின் மேன்மை குறித்துப் பேசிய ஒருவர் தம் உரையை இவ்வாறு முடித்தார்: "அம்மை வந்து போன உடம்பு புடம் போட்ட பொன். ஊசி போட்ட உடம்பு பூசிய பித்தளை." அரங்கில் நல்ல கைதட்டல். மோனையும் எதுகையும் பிசகாத வாக்கியம்தான். பொருள் மட்டுமே பிசகு.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, என்னிடம் முன்பு படித்த மாணவி ஒருத்தி இடுப்பில் பத்து மாதக் குழந்தையுடன் நின்றிருந்தாள். "ஐயா, அடுத்த வாரம் தட்டம்மை ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இவர் பேசியதைக் கேட்டால் வேண்டாம் என்று தோன்றுகிறது. நீங்களும் ஒருமுறை அப்படித்தானே எழுதினீர்கள்?" என்றாள். எழுதியிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்றிதழ்க் கட்டுரையில், அம்மையைக் 'குருதியைக் கழுவிச் செல்லும் தாய்' என்று வருணித்திருந்தேன். வருணனைதானே என்று அன்று நினைத்தேன். ஒரு குழந்தைக்கு ஊசி போடுவதா, விடுவதா என்ற முடிவில் அந்த வருணனை குறுக்கே வந்து நிற்கும் என்று எண்ணவில்லை. எனவே இக்கட்டுரை அந்தப் பேச்சாளருக்கு மட்டுமல்ல, எனக்கும் எதிரானது.

தட்டம்மை குருதியைக் கழுவுகிறதா? ஒரு வகையில் கழுவத்தான் செய்கிறது. எதைக் கழுவுகிறது என்பதே கேள்வி.

நம் குருதிக்கு நினைவு உண்டு. இதை உருவகமாகச் சொல்லவில்லை. ஒரு கிருமியை ஒருமுறை எதிர்கொண்ட வெள்ளை அணுக்களில் சில, அக்கிருமியின் அடையாளத்தைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கிவிடுகின்றன. அவற்றை நினைவு அணுக்கள் என்பர். அதே கிருமி மறுபடி வந்தால் அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதங்களும் குருதியில் சுற்றி வருகின்றன. பிறந்தது முதல் ஒரு குழந்தை கண்ட சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஒவ்வொன்றிலிருந்தும் கற்ற பாடம் இது. 'நம் இரத்தத்தில் ஊறியது' என்று நாம் மேடையில் முழங்கும் பெருமைகள் யாவும் கற்பனை. குருதியில் உண்மையாகவே ஊறியிருப்பது இந்தப் பாடம்தான். தாயிடமிருந்து வந்த பாதுகாப்பு சில மாதங்களில் தேய்ந்துவிட, மீதியை அந்தக் குழந்தை தானே நோய்ப்பட்டும் தடுப்பூசி பெற்றும் சம்பாதிக்கிறது.

தட்டம்மை வைரஸ் தாக்குவது இந்தச் சேமிப்பைத்தான். அது உயிரணுவுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏற்பி ஒன்று, வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில், குறிப்பாக நினைவு அணுக்களில், மிகுதியாக இருக்கிறது. காய்ச்சலின்போது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரிகிறது. தடிப்புகள் மறைந்து ஓரிரு வாரங்களில் எண்ணிக்கை பழையபடி ஏறிவிடுகிறது. இரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லாம் சரி என்று வரும். 'வந்தது, போயிற்று' என்று வீட்டார் நிம்மதி அடைவர். ஆனால் புதிதாகப் பெருகியவற்றுள் பெரும்பகுதி தட்டம்மையை மட்டுமே அறிந்த அணுக்கள். பத்தாயிரம் நூல்கள் இருந்த ஒரு நூலகத்தில் பாதியை எரித்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரே நூலின் படிகளை அடுக்கி வைத்ததற்கு ஒப்பானது இது. எண்ணிப் பார்ப்பவருக்குக் கணக்கு சரியாகவே இருக்கும். தேடிப் போகிறவருக்குத்தான் இழப்பு தெரியும்.

இதற்கான அறிகுறி நூறாண்டுகளுக்கு முன்பே தென்பட்டது. 1908இல் ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே ஒன்றைக் கவனித்தார். காசநோய்க்கான தோல் சோதனையில் வழக்கமாக எதிர்வினை காட்டிய குழந்தைகள், தட்டம்மை கண்டபோது அதைக் காட்டவில்லை. உடல் தான் அறிந்திருந்த ஒன்றை அடையாளம் காணத் தவறியது. 2015இல் மைக்கேல் மினாவும் பிறரும் இங்கிலாந்து, அமெரிக்கா, டென்மார்க் ஆகிய நாடுகளின் பழைய இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தனர். தட்டம்மை பரவலுக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை, பிற தொற்றுநோய்களால் குழந்தைகள் இறப்பது அதனோடு சேர்ந்தே ஏறி இறங்கியதைக் காட்டினர்.

2019இல் நேரடிச் சான்றும் கிடைத்தது. நெதர்லாந்தில் சமயக் காரணங்களால் தடுப்பூசியை மறுத்து வரும் புராட்டஸ்டண்ட் சமூகத்தில் 2013இல் தட்டம்மை பரவியது. அங்கு, ஊசி போடப்படாத 77 குழந்தைகளின் குருதியை, நோய்க்கு முன்பும் பின்பும் எடுத்து ஒப்பிட்டனர். பிற கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த எதிர்ப்புரதங்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை காணாமற் போயிருந்தன. தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடம் இந்த இழப்பு காணப்படவில்லை. பித்தளை என்று இகழப்பட்ட உடம்புதான் தன் சேமிப்பைக் காத்துக்கொண்டது.

எதிர்த்தரப்பில் ஓர் உண்மை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. தட்டம்மை கண்டு மீண்டவருக்கு அது பொதுவாக வாழ்நாளில் மறுபடி வருவதில்லை. 1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது, அதற்கு 65 ஆண்டுகளுக்கு முன், 1781இல், அந்நோயைக் கண்டிருந்த முதியவர்கள் தப்பியதை டேனிஷ் மருத்துவர் பீட்டர் பானும் பதிவு செய்தார். ஆம், தட்டம்மை தன் பெயரை அழியாத மையில் எழுதிவிட்டுத்தான் போகிறது. மற்ற பெயர்களை அழித்துவிட்டு எழுதுகிறது என்பதே என் குற்றச்சாட்டு. அழிந்ததைத் திரும்பப் பெறக் குழந்தை அந்தந்த நோய்களை மறுபடி பட வேண்டும், அல்லது மறுபடி ஊசி பெற வேண்டும்.

"எங்கள் பாட்டிக்கு எல்லா அம்மையும் வந்தது, தொண்ணூறு வயது வாழ்ந்தாள்" என்பார்கள். பிழைத்த பாட்டிதான் பேரனுக்குக் கதை சொல்வாள். தட்டம்மை நீங்கிய அடுத்த ஆண்டில் வயிற்றுப்போக்கிலோ நிமோனியாவிலோ போன அவளுடைய தம்பி தங்கைகளின் சாவை யாரும் தட்டம்மையின் கணக்கில் எழுதவில்லை.

இங்கே நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை மூன்றும் வெவ்வேறு வைரஸ்களால் வருபவை. தமிழ் அவற்றுக்கு ஒரே தாயின் பெயரைச் சூட்டிவிட்டது. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. சின்னம்மை, தட்டம்மையைப் போல நினைவு அணுக்களைச் சூறையாடுவதில்லை. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே குணமும் ஒன்று என்று எண்ணிவிடுகிறோம். வேப்பிலைக்கோ, மாரியம்மனுக்கோ, தாளிக்காமல் சமைக்கும் வீட்டு வழக்கத்துக்கோ நான் எதிரியல்லன். நோயாளியைத் தனியே வைத்துக் கனிவோடு பார்த்துக்கொண்ட மரபு அது. ஆனால் நோயைத் தாங்கிக்கொள்ளப் பிறந்த ஆறுதல் மொழியை, நோயை வரவேற்கும் வாதமாக மாற்றுவது அந்த மரபுக்கே செய்யும் துரோகம். பிள்ளையைப் பறிகொடுக்கக் கூடாதென்று நேர்ந்துகொண்ட எந்தத் தாயும் 'வரட்டும், நல்லதுதான்' என்று சொன்னதில்லை.

சொற்களுக்கு விளைவு இல்லை என்று எண்ணுவோர் 2017ஐ நினைவுகூரலாம். அவ்வாண்டு பிப்ரவரியில், தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கினர். அச்சம் எல்லாமே அறிவீனம் என்று நான் சொல்லமாட்டேன். பசிபிக் தீவு நாடான சமோவாவில் 2018இல், மருந்து கலப்பதில் நேர்ந்த தவற்றால் இரு குழந்தைகள் இறந்தனர். மக்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ஊசி இயக்கம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு தட்டம்மை வந்தது. இரண்டு லட்சம் பேரே வாழும் அந்நாட்டில் 83 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அது தட்டம்மையாலேயே இறந்தவர்களின் எண்ணிக்கை. பிழைத்த குழந்தைகளின் குருதி எவற்றையெல்லாம் மறந்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை.

இலக்கியம் படித்தவர்கள் மருத்துவம் பேசக் கூடாது என்பதன்று என் கட்சி. பேசலாம், ஆனால் ஓசை நயத்தைச் சான்றாகக் காட்டக் கூடாது. செய்யுளில் ஒரு பாடபேதத்தை ஏற்க ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்கிற நாம், குழந்தையின் உயிர் தொடர்பான வாக்கியத்தை அதன் எதுகைக்காக ஏற்றுக்கொள்வது எந்த வகை ஆராய்ச்சி?

அன்று மாணவியிடம் ஊசி போடச் சொன்னேன். என் பழைய வாக்கியம் தவறு என்றும் சொன்னேன். அச்சில் எழுதியதை வாய்மொழியாக மட்டும் மறுத்தால் போதாது என்பதால் இங்கும் எழுதுகிறேன். அந்தப் பேச்சாளர் இதைப் படிக்க நேர்ந்தால் சான்றுகளோடு மறுக்கட்டும், காத்திருக்கிறேன். அதுவரை அடுத்த மேடையில் அந்தப் பொன்னையும் பித்தளையையும் அவர் எடுக்காமலிருந்தால் நன்று.