கல்குவாரி வெடியும் வீட்டுச் சுவரும்: அளவீட்டு அறிக்கை யார் கையில்?

கேகாலை மாவட்டத்தின் மலைச்சரிவுக் கிராமமொன்றில் நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எதிர்ப்பக்க மலையில் ஒரு கல்குவாரி. வெடி வைக்கும் நாட்களில் வகுப்பறை ஜன்னல்கள் அதிரும். பிள்ளைகள் இப்போது திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. பெரியவர்களுக்குத்தான் பழகவில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் நாலு பேர் நின்றாலே சுவர்க் கீறல் பேச்சுத்தான். 2016 மே மாதம் அரநாயக்க சாமசர மலை சரிந்ததை எமது மாவட்டம் மறக்கவில்லை. அது கடும் மழையால் நடந்தது, குவாரியால் அல்ல. ஆனாலும் நிலம் அதிரும்போது சரிவில் குடியிருப்பவரின் மனம் அங்கேதான் போகிறது.

இது தொடர்பில் நடந்த கூட்டமொன்றில் நானும் இருந்தேன். "எங்கள் வீடு வெடிக்கிறது" என்றனர் மக்கள். "அதிர்வு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான்" என்றது குவாரித் தரப்பு. இரண்டு மணித்தியாலம் பேசினார்கள். ஆனால் அந்த அளவு எத்தனை, கடைசி வெடியில் பதிவானது எத்தனை என்று எவரும் ஓர் இலக்கத்தைச் சொல்லவில்லை.

நில அதிர்வுக்கு அளவு உண்டு. மண்துணிக்கைகள் அதிகபட்சம் எவ்வளவு வேகத்தில் அசைகின்றன என்பதை, செக்கனுக்கு இத்தனை மில்லிமீற்றர் என்று கருவி பதிவு செய்யும். ஒரு மில்லிமீற்றர் அளவிலேயே மனிதனுக்கு அது நன்றாகத் தெரியும். வீட்டுக்குச் சேதம் வரும் அளவு அதைவிட அதிகம். ஆனால் எவ்வளவு அதிகம் என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் 1980ஆம் ஆண்டு ஆய்வு, குறைந்த அதிர்வெண்களில் சாந்து பூசிய பழைய சுவர்களுக்கு 12.7 மி.மீ. எனப் பரிந்துரைத்தது. ஜேர்மன் தரநிர்ணயம் 10 ஹேர்ட்ஸுக்குக் குறைந்த அதிர்வில் குடியிருப்பு வீட்டுக்கு 5 மி.மீ. என்கிறது. ஆகவே "அளவுக்குள்" என்றால் எந்த அளவுக்குள் என்று கேட்க வேண்டும். கொங்கிரீட் தூண் இல்லாமல், சீமெந்துக் கல்லால் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய எமது வீடுகளுக்குக் கடுமையான அளவே பொருந்தும் என்பது என் கருத்து.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாக் கீறலும் வெடியால் வருவதில்லை. வெயிலும் மழையும் மாறி மாறி வந்தாலும், நிரப்பிய மண்ணில் அத்திவாரம் இறங்கினாலும் சுவர் வெடிக்கும். ஜன்னல் சடசடப்பது பெரும்பாலும் காற்றில் வரும் அழுத்த அலையால். நிலத்தின் அதிர்வு வேறு. இதைச் சொன்னதற்காக உறவினர் ஒருவர் இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் குவாரி தொடங்குமுன் சுற்றியுள்ள வீடுகளைப் பார்வையிட்டுப் படத்துடன் பதிந்திருந்தால், எந்தக் கீறல் பழையது, எது புதியது என்ற சண்டையே வந்திராது. இந்த வேலையைக் குவாரித் தரப்பே செய்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவனிடம் ஆதாரம் கேட்பது நியாயமில்லை.

அதிர்வைக் குறைக்கவும் வழி உண்டு. எல்லாத் துளைகளையும் ஒரே கணத்தில் வெடிக்காமல், மில்லிசெக்கன் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வெடிக்க வைக்கும் டெட்டனேற்றர்கள் இருக்கின்றன. பொறியியலாளர்கள் வழமையாகப் பாவிக்கும் கணிப்பின்படி, ஒரு கணத்தில் வெடிக்கும் மருந்தைப் பாதியாக்கினால் அதிர்வு 40 சதவீதமளவில் குறையும். தூரம் இரட்டிப்பானால் மூன்றில் ஒன்றாகும். மலையை நகர்த்த முடியாது, மருந்தைக் குறைக்கலாம். செலவு கூடும், அவ்வளவுதான்.

குவாரியை மூடு என்று நான் கேட்கவில்லை. டிப்பர் ஓட்டுபவர்களும் மேசன்மாரும் ஹார்ட்வெயார் கடைக்காரர்களும் எமது ஊரிலேயே இருக்கிறார்கள். வீடு கட்டக் கல் வேண்டும். குவாரியின் மறுபக்கச் சரிவில் இருக்கும் சிங்களக் குடும்பங்களின் சுவர்களிலும் இதே கீறல்கள்தான். இதை இனப் பிரச்சினையாக்க முயலும் சிலரிடம் முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். கடிதம் இரு பக்கத்துக் கையொப்பங்களோடும் போக வேண்டும்.

எங்கே போக வேண்டும்? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அகழ்வு அனுமதியை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம். சுற்றாடல் விடயங்களைப் பார்ப்பது மத்திய சுற்றாடல் அதிகார சபை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, இவற்றின் தகவல் அலுவலரிடம் எந்தப் பிரஜையும் காரணம் சொல்லாமலே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானம் அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகள், அது காலாவதியாகும் திகதி, அதிர்வு அளவிட்ட அறிக்கைகள், அளவிட்ட இடம் ஆகிய நான்கையும் கேளுங்கள். கருவியைக் குவாரி வாசலில் வைத்தார்களா, மிக அருகிலுள்ள வீட்டு வாசலில் வைத்தார்களா என்பது கடைசிக் கேள்வியில்தான் தெரியவரும்.

பதில் வரும்வரை ஒவ்வொரு வீட்டிலும் கீறலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டு, திகதி எழுதி, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். வெடிச் சத்தம் கேட்ட நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.