பறந்தது விமானமா, விளம்பரமா?

தோழர்களே! விபத்து என்றதும் விதியின்மீது பழியைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது உலக வழக்கமாகிவிட்டது. விதிக்கு வாயில்லை, மறுப்பு அறிக்கை விடாது. குற்றவாளிகட்கு அதைவிட நல்ல ஒளிவிடம் ஏது? அத்தகைய 'விதி'யின் கதையொன்றை இன்று உங்கள்முன் வைக்கிறேன். தீர்ப்பை நீங்களே வழங்குங்கள்.

1996, ஏப்ரல் 10. அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாஃப் மூன் பே என்னும் சிற்றூரிலிருந்து செஸ்னா 177பி என்ற சிறு விமானம் புறப்பட்டது. உள்ளே மூவர்: ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, அவள் தந்தை, விமானப் பயிற்றுநர். எட்டே நாட்களில் கிழக்குக் கரையைத் தொட்டுத் திரும்புவது திட்டம். மிதிகட்டைக்குக் கால் எட்டாத குழந்தை. ஆகவே மிதிகட்டையை நீட்டினார்கள், இருக்கையில் திண்டை வைத்தார்கள். ஏடுகள் புகழ்ந்தன. தொலைக்காட்சிகள் பேட்டி கண்டன.

மறுநாள் காலை, வயோமிங் மாநிலத்துச் செயென் விமானத்தளம். இடி முழங்குகிறது, மழை பெய்கிறது, காற்று திசைமாறி வீசுகிறது. கட்டுப்பாட்டுக் கோபுரம் காற்றின் கொடுமையை எடுத்துரைக்கிறது. கேட்டார்களா? இல்லை! ஓடுபாதையை விட்டு எழுந்த சிறிது நேரத்திலேயே விமானம் வேகமிழந்து, குடியிருப்புப் பகுதியில் வீழ்ந்தது. மூவரும் மாண்டனர்.

இது விதியா? கணக்கைப் பாருங்கள். அத்தளம் கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு. எந்திரத்தின் வலிமை குறையும். இறக்கையின் தூக்குதிறனும் குறையும். அத்தகைய இடத்தில், அனுமதித்த எடைக்கு மேல் 96 இராத்தல் சுமையேற்றினர். அதன்மேல் மழை, அதன்மேல் சுழற்காற்று. வானம் வெளுக்கும்வரை காத்திருந்தால் போதும். மூன்று உயிர்கள் பிழைத்திருக்கும்.

ஏன் காத்திருக்கவில்லை? அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து விடை சொன்னது. மோசமாகிவந்த வானிலையில் புறப்படத் துணிந்த விமானப் பயிற்றுநரின் தவறான முடிவே காரணம் என்றது. அத்தோடு நிற்கவில்லை. மிகையான பயணத் திட்டத்தைக் காப்பாற்றும் ஆசை அம்முடிவைத் தூண்டியது என்றும், செய்தி நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்த வாக்குகள் அந்த ஆசைக்கு ஒரு காரணம் என்றும் எழுதிவைத்தது.

புரிகிறதா, தோழர்களே? இடிமேகத்தைவிடப் பேட்டி நேரம் பெரிதாகிவிட்டது!

"குழந்தை விரும்பினாள், தடுக்க நீ யார்?" என்று கேட்பாருண்டு. ஏழு வயதுக் குழந்தை நிலவைக்கூட விரும்பும். விரும்புவது குழந்தையின் உரிமை. வேண்டாமென்று சொல்வது பெரியோரின் கடமை. அவள் விமானம் பழகியதை நான் பழிக்கவில்லை. பழகட்டும், கனவு காணட்டும், உரிய வயதில் உலகையே சுற்றட்டும். அக்கனவை நாட்குறித்துக் காட்சிப் பொருளாக்கினார்களே, அதைத்தான் பழிக்கிறேன்.

அவ்வாண்டு அக்டோபரிலேயே சட்டம் வந்தது. உரிமமும் மருத்துவச் சான்றும் இல்லாத ஒருவர் சாதனை படைக்க முயல்வது தெரிந்தும், விமானத்தின் கட்டுப்பாட்டை அவர் கையில் கொடுப்பதை அச்சட்டம் தடுத்தது. நன்று, வரவேற்போம். ஆயினும், சட்டத்தின் கை விமானி அறையோடு நின்றுவிட்டதே! கூத்துக்கு மேடை போட்டவர்கள், அடுத்த வாரமே அதே குழந்தையின் சாவையும் விற்றவர்கள், அவர்களை யார் கேட்டது?

இன்றோ நிலை இன்னும் மோசம். அன்று பேட்டிக்கு நிருபர் வரவேண்டும். இன்று பெற்றோர் கையிலேயே படக்கருவி இருக்கிறது. குழந்தையின் ஆபத்தைப் படமெடுத்துப் பரப்பினால் பார்வை கூடுகிறது. பார்வை கூடினால் பணம் சேருகிறது. அப்பணத்தில் பெரும்பங்கு கொள்ளும் நிறுவனங்கள் தமக்குப் பொறுப்பேயில்லை என்று கைகழுவுகின்றன. இலாபத்தில் பங்கு, பழியில் பங்கில்லை! இது எந்த ஊர் நியாயம்?

குழந்தையை ஆபத்தில் நிறுத்தி ஆதாயம் காண்போர் எவராயினும் சட்டத்தின்முன் நிற்கவேண்டும் என்று கேட்போம். அதற்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். கைதட்டல் இல்லாத கூத்து இரண்டாம் நாள் நடவாது. அந்தக் கைகள் நம்முடையவை. தட்ட மறுப்போம், தோழர்களே! அடுத்த குழந்தையாவது மழை நிற்கும்வரை தரையில் காத்திருக்கட்டும்.