சந்தேகத்தின் பயன் யாருக்கு உரியது?

கொள்ளை வழக்கொன்றில் கீழ்மன்றின் தீர்ப்பு மேன்முறையீட்டில் நீக்கப்பட்டது என்று கேட்டதும், "அப்படியாயின் அம்மனிதன் நிரபராதியா?" என்று வினவுதல் உலக இயல்பு. நீதிமன்று விடைகூறும் வினா அதுவன்று என்பதே என் கருத்து. இங்கிலாந்தின் ஜோர்ஜ் டேவிஸ் வழக்கு இதனை நன்கு விளக்கும்.

1974 ஏப்ரிலில், இலண்டனின் இல்ஃபோட் பகுதியில் மின்சார சபையின் சம்பளப் பணத்தைக் குறிவைத்து ஆயுதக் கொள்ளை நிகழ்ந்தது. 1975 மார்ச்சில் டேவிஸ் குற்றவாளியெனக் காணப்பட்டு, 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவருக்கு எதிராக நின்றது கண்டோர் கூறிய ஆளடையாளமே. அவர் நிரபராதி என்று ஆதரவாளர் சுவர்தோறும் எழுதினர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹெடிங்லி மைதானத்தின் ஆடுதளத்தைத் தோண்டி, அவுஸ்திரேலியாவுடனான டெஸ்ட் போட்டி முடிவுறாதவாறு செய்தனர். டிசம்பரில் மேன்முறையீட்டு மன்று தண்டனையை 17 ஆண்டாகக் குறைத்தது, தீர்ப்பை மாற்றவில்லை.

கண்ணால் கண்ட சாட்சி பொய்யனாக இருக்கவேண்டியதில்லை. உண்மையை நேசிப்பவனும் முகத்தை மாறி உணரலாம். அவனது உறுதியே யூரர்களை மயக்கிவிடும். ஆகவேதான் 1976 இல் டேர்ன்புல் வழக்கில், தூரம், வெளிச்சம், பார்த்த நேரம் ஆகியவற்றை ஆராயுமாறு யூரர்களை எச்சரிக்கவேண்டும் என இங்கிலாந்தின் மேன்முறையீட்டு மன்று நெறிவகுத்தது. அவ்வாண்டிலேயே டேவிஸும் உள்நாட்டு அமைச்சரின் ஆணையால் விடுதலையானார்.

ஆனால் கதை இனிதே முடியவில்லை. 1977 இல் அவர் வங்கிக் கொள்ளையொன்றில் பிடிபட்டார், குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். "இவனுக்காகவா இத்தனை ஆரவாரம்!" என்று பலர் நகைத்திருப்பர். எனினும் 2011 மே மாதத்தில், மேன்முறையீட்டு மன்று 1975 ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கியது. அவர் நிரபராதி என்று மன்று கூறவில்லை. அத்தீர்ப்பு நம்பி நிற்கத்தக்கதன்று என்றே கூறியது.

இதிலேதான் நீதியின் நுட்பம் அடங்கியுள்ளது. 1977 ஆம் ஆண்டின் குற்றம் 1974 ஆம் ஆண்டுச் சான்றின் ஓட்டையை அடைக்காது. நல்லவனுக்கு மட்டும் சந்தேகத்தின் பயனை அளிப்போமாயின், அது நன்னடத்தைக்குப் பரிசாகுமேயன்றிச் சட்டமாகாது. குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிப்பது வழக்குத் தொடுநரின் கடமை என 1935 இல் வூல்மிங்டன் வழக்கில் பிரபுக்கள் சபை வலியுறுத்தியது. குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை ஒருவர் சுத்தவாளியென ஊகிக்கப்படுவார் என்று நம் நாட்டின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரையும் கூறுகின்றது.

பொருளை இழந்தோரின் துயரை நான் மறக்கவில்லை. குற்றம் புரிந்தோர் சிலர் இவ்விதியால் தப்புதலும் கூடும். ஆயின், தவறான ஆளைச் சிறையிலிடும்போது உண்மைக் கொள்ளையன் வெளியிலன்றோ உலாவுகிறான்! பறிகொடுத்தவருக்கும் அங்கே நீதி கிட்டுவதில்லை. "நிரூபிக்கப்படவில்லை" என்பதும் "செய்யவில்லை" என்பதும் வேறுவேறு. இவ்வேறுபாட்டை நம் மாணவர் உணர்ந்துகொள்வாராயின், நாளை யூரர் ஆசனத்தில் அமரும்போது அது ஒருவரின் வாழ்வைக் காக்கும்.