சலாமியா பிடிக்காதவர்கள்

வந்தபோது சரியாக ஓடாத ஒரு தமிழ்ப் படம், இருபது முப்பது ஆண்டு கழித்துத் தொலைக்காட்சியில் பிழைத்துக்கொண்டால் அதற்கு ஒரு பட்டம் தயாராக இருக்கிறது: ‘காலத்துக்கு முந்திய படம்’. படம் எடுத்தவர்களுக்கு அது பெருமை. அன்றைக்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவருக்குக் கிடைப்பதோ விவரம் போதாதவர் என்ற பெயர். 1986 மே மாதக் கடைசியில் வெளியான ‘விக்ரம்’ படத்துக்கு இந்தப் பட்டத்தை இப்போது அடிக்கடி சூட்டுகிறார்கள். அன்று பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அவர்கள் அசட்டையாக வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை. சுஜாதாவின் கதை குமுதத்தில் தொடராக வந்துகொண்டிருந்தது. ஓவியத்துக்குப் பதிலாகப் படப்பிடிப்புப் புகைப்படங்கள். முந்தைய ஆண்டுதான் ‘காக்கிச் சட்டை’யில் கமல், அம்பிகா, சத்யராஜ், இயக்குநர் ராஜசேகர் என்ற அதே கூட்டணி பட்டையைக் கிளப்பியிருந்தது. இந்தியிலிருந்து டிம்பிள் கபாடியா, அம்ஜத் கான். ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விழுங்கிய படம் என்ற பேச்சு வேறு. அக்னிபுத்ரா என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது; அதை மீட்க, மனைவியைப் பறிகொடுத்த உளவாளி ஒருவன் புறப்படுகிறான். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிவந்த சுஜாதாவுக்கு இந்த உலகம் கைவந்த ஒன்று. நிஜமான அக்னி ஏவுகணை சாந்திப்பூரிலிருந்து கிளம்பியது 1989 மே மாதம். படம் மூன்று ஆண்டுகள் முந்திக்கொண்டது. ‘காலத்துக்கு முந்திய’ என்பதை இந்த ஒரு விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து ஒப்புக்கொள்ளலாம்.

பிறகு கதை சலாமியாவுக்குப் போனது. இல்லாத ஒரு நாடு, அதற்கென்று கற்பித்த ஒரு பாஷை, ஒரு சுல்தான், இனிமாசி என்ற இளவரசி, மொழிபெயர்க்க ஜனகராஜ். தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப அடிபட்டது இதுதான்: இந்தியாவில் நடக்கும்வரை படம் நன்றாக இருக்கிறது, சலாமியாவுக்குள் கால் வைத்ததும் கையை விட்டுப் போய்விடுகிறது. ஜனகராஜ் வரும் இடங்களுக்கு மட்டும் விலக்கு. பாடல்களைப் பற்றிப் புகாரே இல்லை.

இந்தக் கருத்தில் என்ன குறை? நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறது. முதல் பாதியில் பார்வையாளர் சுமந்துகொண்டிருப்பது இரண்டு பாரங்கள்: கர்ப்பிணி மனைவி சுடப்பட்டுச் செத்தது, ஏவுகணை எந்த நேரமும் வெடிக்கலாம் என்பது. சலாமியாவில் இரண்டையும் இறக்கி வைத்துவிட்டு உளவாளி இளவரசியோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறான். கெடு வைத்த கதைக்கு நடுவே ஒரு ராஜா ராணிப் படம் புகுந்துகொண்டது. தொழில்நுட்பம் புரியாததால் மக்கள் ஒதுக்கினார்கள் என்று இன்று சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கம்ப்யூட்டரும் ஏவுகணையும் வந்த பகுதியைத்தான் அன்று ரசித்தார்கள். ஒட்டாமல் போனது அரண்மனை.

அன்றைய தினசரி வாசகருக்கு உளவு என்பது தெரியாத சரக்கும் இல்லை. 1985 ஜனவரியில் தில்லியில் கூமர் நாராயண் வழக்கு வெடித்திருந்தது. பிரதமர் அலுவலகம் வரை வேலை பார்த்த உதவியாளர்களும் சுருக்கெழுத்தர்களும் ரகசியக் கோப்புகளை வெளியே கொடுத்து, நகலெடுத்த பிறகு திருப்பி வைத்துக்கொண்டிருந்தது அம்பலமானது. பிரதமரின் முதன்மைச் செயலாளராக இருந்த பி.சி. அலெக்சாண்டர் பதவி விலக நேர்ந்தது. (மூன்றே ஆண்டில் அவர் தமிழ்நாட்டுக்கு ஆளுநராக வந்து சேர்ந்தது தனிக்கதை.) ‘விக்ரம்’ வெளியான அடுத்த ஆண்டு, ரா அமைப்பின் சென்னை அலுவலகத்தில் இருந்த அதிகாரி ஒருவரே அமெரிக்கர்களுக்குத் தகவல் கொடுத்ததாகக் கைதானார். ஜெராக்ஸ் மெஷினும் கோப்பும் குமாஸ்தாவும்தான் நிஜ உளவு. படித்தவருக்கு இது தெரியும். அவரிடம் போய்ச் சுல்தானைக் காட்டினால் சிரிக்கத்தான் செய்வார்.

தமிழ் சினிமா உளவாளியின் பழைய வியாதி வேறொன்று. அவன் ஒளிந்துகொள்ள மாட்டான். ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ ஜெய்சங்கரும் ‘ரகசிய போலீஸ் 115’ எம்.ஜி.ஆரும் ரகசியமாக இருந்தது தலைப்பில் மட்டும்தான். ‘விக்ரம்’ இன்னும் ஒரு படி மேலே போனது. தன் பெயரைத் தானே பாடிக்கொண்டு வருகிற ஒற்றன் உலக சினிமாவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். பாட்டு அருமையான பாட்டு, அதில் சந்தேகமில்லை.

ஒளிந்திருக்கும் ஒற்றனைத் தமிழில் காட்டிய படம் 1954லேயே வந்துவிட்டது. எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள், ரேடியோ இன்ஜினியர் ராஜன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் ஒவ்வொருவர் மேலும் சந்தேகம். ராஜன் ஜப்பானுக்குத் தகவல் அனுப்பிய தேசத்துரோகி என்பது கடைசியில்தான் தெரியவரும், சுட்டவள் மனைவி. முதலில் வேறு நடிகரை வைத்துத் தொடங்கி, எடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிவாஜி கணேசனைக் கொண்டுவந்து மறுபடியும் எடுத்தார்கள். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது.

படம் போகவில்லை. சிவாஜி முதல் காட்சியிலேயே செத்துவிடுகிறார், பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை என்று கூட்டம் சலித்துக்கொண்டது. தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் கிடைத்த பிறகுதான் மரியாதை வந்தது. இங்கே அன்றைய பார்வையாளரின் பக்கம் நிற்பது கஷ்டம். ஆனால் இரண்டு படங்களின் பார்வையாளர்களையும் ஒரே மூட்டையில் கட்டுவது அதைவிடத் தவறு. 1954ல் சொன்னது படத்தில் இல்லாததைப் பற்றிய புகார். டிக்கெட் வாங்கும்போது மனதில் போட்டுவைத்த கணக்கு பொய்த்துப்போன கோபம். 1986ல் சொன்னது படத்தில் இருந்ததைப் பற்றி. சலாமியா இருந்தது, அது நன்றாக இல்லை, அவ்வளவுதான். முதல் வகைக் கருத்தைக் காலம் மாற்றிவிடும், மாற்றியும் இருக்கிறது. இரண்டாவது வகை அப்படி எளிதில் மாறுவதில்லை. சந்தேகம் இருப்பவர்கள் ‘விக்ரம்’ படத்தை இன்று போட்டுப் பார்க்கட்டும். இளவரசி வந்ததும் கை தானாகவே ரிமோட்டைத் தேடும்.

பார்க்காமலே வருகிற மூன்றாவது வகைக் கருத்தும் உண்டு. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ வெளியாக இருந்த நேரத்தில் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு தடை போட்டது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. கேரளத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் கோவைப் பக்கத்து ரசிகர்கள் பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சில இடங்களில் கத்தரிப்பதாகவும் ஒலியை அடக்குவதாகவும் ஒப்பந்தமான பிறகு, பிப்ரவரி 7 அன்று இங்கே வெளியானது. அந்த இரண்டு வாரமும் டீக்கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை எல்லோரிடமும் ஒரு கருத்து இருந்தது, படம்தான் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘மெட்ராஸ் கஃபே’ தமிழ்நாட்டுத் தியேட்டர்களை எட்டிப் பார்க்கவே இல்லை. ஈழப் போரை ரா அதிகாரி ஒருவனின் கண் வழியே சொன்ன படம் அது. எதிர்க்க நியாயமான காரணங்கள் இருந்தன, ஆனால் எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் பார்த்தது முன்னோட்டத்தை மட்டும்தான்.

‘விஸ்வரூபம்’ ஒருவழியாகத் திரைக்கு வந்ததும் நடந்தது வேடிக்கை. அத்தனை அமளிக்குப் பிறகும் பார்வையாளர் வெளியே வந்து பேசியது ஒரே ஒரு சண்டையைப் பற்றி. நளினமாக நடந்து, கதக் சொல்லிக்கொடுத்து, அடி வாங்கி அழுதுகொண்டிருந்த ஆள் கட்டு அவிழ்ந்ததும் சில நொடிகளில் அறையில் இருந்த அத்தனை பேரையும் சாய்த்துவிடுகிற காட்சி. அடுத்தபடியாகப் புகார்: ஆப்கானிஸ்தான் நீளம், கதை முடியவில்லை. அந்தப் புகாரையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை போலும்; 2018ல் வந்த இரண்டாம் பாகத்துக்குக் கூட்டம் சேரவில்லை.

2022 ஜூனில் லோகேஷ் கனகராஜ் எடுத்த ‘விக்ரம்’ வந்தது. பழைய படத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது உளவாளியையும் அவன் பெயரையும் அந்தத் தலைப்புப் பாட்டையும். அதாவது 1986ல் கைதட்டல் வாங்கியவற்றை. சலாமியாவைச் சேர்ந்த ஒரு குண்டூசிகூட உள்ளே வரவில்லை. கமல், ஃபகத் பாசில், விஜய் சேதுபதி, கடைசியில் சூர்யா என்று நட்சத்திரங்கள் முட்டிக்கொண்ட படத்தில், தியேட்டர் கூரை பறந்தது வீட்டு வேலைக்காரியாக ஓரமாக வந்துபோய்க்கொண்டிருந்த பெண் ‘ஏஜென்ட் டீனா’ என்று தெரியவந்த இடத்தில். அதுவரை அவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, படத்தில் இருந்தவர்களும் சரி, பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சரி. ‘அந்த நாள்’ ராஜனுக்குப் பிறகு இப்படி ஒளிந்த ஒற்றர் தமிழில் அரிது. அதே படத்தின் உச்சக்கட்டத்தில் உளவாளி பீரங்கியை வெளியே எடுத்தபோது நெளிந்தவர்களும் இருந்தார்கள். விசில் சத்தத்தில் அது கேட்கவில்லை.

தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால் ‘மாஸ்’, ‘செம’, ‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்று கிடைக்கிறது. அதைக் கேலி செய்வது சிற்றிதழ்க்காரர்களுக்குப் பழகிப்போன சுகம். ‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்பதைக் கொஞ்சம் விரித்தால் 1986ல் சலாமியாவைப் பற்றிச் சொன்னது வருகிறது. விரிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை என்பதுதான் கோளாறு. விமர்சகர்கள் எழுதியது நூலகக் கட்டுகளில் எங்காவது கிடைக்கும். பார்த்தவர்கள் பேசியதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அதனால் அடுத்த இதழில் சில பக்கங்களை வாசகர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ‘அந்த நாள்’ தொடங்கி 2022 ‘விக்ரம்’ வரை, தியேட்டரில் பார்த்த உளவுப் படம் எதுவானாலும் சரி. எந்த ஊர், எந்தத் தியேட்டர், எந்த இடத்தில் கைதட்டினார்கள், எந்த இடத்தில் எழுந்து பீடி பிடிக்கப் போனார்கள் என்று எழுதி அனுப்பலாம். அலசல் வேண்டாம், பத்து வரி போதும். 1954ல் ‘அந்த நாள்’ பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் அவர்களைக் கேட்டு எழுதுங்கள்.